சின்ன காரின் பின்பக்கம் தாழ்ந்தால் என்ன மாட்டுவது?

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பல ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் கவுண்டருக்கு மேலே தடித்த ரப்பர் வளையங்கள் பையோடு தொங்கும். கறுப்பில் இருக்கும், சிவப்பில் இருக்கும், கண்ணாடி மாதிரி வெளிறியும் இருக்கும். ஸ்பிரிங் பஃபர் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். காயில் ஸ்பிரிங்கின் இரண்டு சுற்றுக்கு நடுவில் இதைச் செருகினால் வண்டி தூக்கிக்கொள்ளும், வேகத்தடையில் அடி தட்டாது, ஐந்து பேர் ஏறினாலும் பின்னாடி உட்காராது என்று சொல்லி விற்கிறார்கள். ஸ்பிரிங்குக்கு அடியில் வைக்கும் ஸ்பேசர், முன்பக்க ஸ்ட்ரட் இரண்டையும் இணைக்கும் ஸ்ட்ரட் பார், கெட்டி ஸ்பிரிங் எல்லாமும் கிடைக்கும். கடையில் இல்லையென்றால் சென்னை ஜி.பி. ரோட்டில் சொல்லி வரவழைத்துக் கொடுப்பார்கள்.

ஆல்ட்டோ, வேகன் ஆர், சான்ட்ரோ, டியாகோ வைத்திருக்கும் நண்பர்கள் "இதை மாட்டலாமா, வேணாமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். போனில் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. அதனால் முழுசாக இங்கே எழுதிவிடுகிறேன். பதில் இதுதான்: வண்டி ஏன் தாழ்ந்தது என்று கண்டுபிடித்த பிறகு மாட்டலாம். கண்டுபிடிக்காமல் மாட்டக் கூடாது. மாட்டும்போது வண்டியைத் தாங்குவது ஜாக்கியாக இருக்கவே கூடாது. இந்த மூன்றுக்கும் காரணம் சொல்லத்தான் மீதிப் பதிவு.

முதலில் நம்ம பக்கத்துச் சாலை. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை நாற்கரச் சாலையில் போகும்வரை வண்டிக்குப் பெரிய வேலை இல்லை. கூட்டேரிப்பட்டில் பிரிந்து உள்ளே போகும்போதுதான் வேலை ஆரம்பிக்கிறது. வானூர், திருவக்கரை பக்கம் கல்குவாரி லாரிகள் ஓடும் சாலைகளில் தார் அலை அலையாகப் பிதுங்கிக் கிடக்கும். முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு போகும் சீசனில் டிராக்டர்கள் சாலையோரத்தை நொறுக்கிவிடும். கிராமத்து வேகத்தடைகள் தனிக்கதை. இந்தியச் சாலைக் காங்கிரஸின் 99ஆம் எண் வழிகாட்டுதலில் வேகத்தடைக்கு அளவு இருக்கிறது: 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆர வளைவு. அந்த அளவில் போட்டால் மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் நோகாமல் ஏறி இறங்கலாம். பல ஊர்களில் ஜல்லியையும் தாரையும் கொட்டி எழுப்பியிருக்கும் மேட்டின் அகலம் ஒரு முழம்கூட இருக்காது. அதில் ஏறும் சின்ன காரின் ஸ்பிரிங் ஒவ்வொரு தடவையும் கடைசி வரை மடங்கித்தான் மீளும்.

அதோடு தண்ணீர். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. அரசூர் பக்கம் தென்பெண்ணை வெள்ளம் திருச்சி நெடுஞ்சாலை மேலேயே ஓடியது. அந்த மாதிரி வெள்ளத்தில் முழங்கால் அளவு மூழ்கி எழுந்த கார் வெளியில் காய்ந்துவிடும். ஆனால் பால் ஜாயிண்டின் ரப்பர் மூடி லேசாகக் கிழிந்திருந்தால் அதன் வழியாக உள்ளே போன சேறு கிரீஸோடு கலந்து உலோகத்தை அரைத்துக்கொண்டே இருக்கும். சத்தம் சில மாதம் கழித்துத்தான் வரும். மரக்காணம் பக்கம் உப்பளக் காற்றில் நிற்கும் வண்டிகளுக்கு இன்னொரு கேடு உண்டு. ஸ்பிரிங்கின் அடிச்சுற்று உட்காரும் கிண்ணத்தில் மண்ணும் ஈரமும் தங்கும். பெயிண்ட் உரிந்த இடத்தில் துரு பிடிக்கும்.

கடைசியாகச் சுமை. மல்லாட்டை அறுவடை சமயத்தில் மூட்டை ஏற்றாத சின்ன கார் நம்ம பக்கத்தில் குறைவு. நாற்பது கிலோ மூட்டை மூன்று, வண்டியில் பெரியவர்கள் நான்கு பேர் என்றால் ஆளுக்கு 65 கிலோ வைத்தால்கூட 380 கிலோ. உங்கள் வண்டியின் கையேட்டை எடுத்துப் பாருங்கள். வெற்று எடையும் அனுமதித்த மொத்த எடையும் அதில் இருக்கும். இரண்டையும் கழித்தால் வருவதுதான் ஆளும் சாமானும் சேர்த்து ஏற்றக்கூடிய அளவு. எந்த ரப்பரும் எந்த ஸ்பிரிங்கும் அந்த எண்ணை ஒரு கிலோகூட உயர்த்தாது. டயரை வைத்தே இதைச் சரிபார்க்கலாம். பழைய ஆல்ட்டோவில் வரும் 145/80 ஆர்12 டயரில் 74 என்று ஒரு எண் அச்சாகியிருக்கும். அந்த டயர் ஒன்று 375 கிலோவுக்கு மேல் தாங்கக் கூடாது என்று அதற்கு அர்த்தம். ஸ்பிரிங்கை கெட்டியாக்கினால் வண்டி தாழாமல் நிற்கும், சுமை கண்ணுக்குத் தெரியாமல் போகும். டயருக்கும் பிரேக்குக்கும் சக்கர பேரிங்குக்கும் அந்தச் சுமை முழுசாக இருக்கும். என்னைப் பொறுத்தவரை பஃபரின் பெரிய ஆபத்து இதுதான். தாழ்ந்த பின்பக்கம் "போதும்" என்று நமக்குக் காட்டும். பஃபர் அந்த எச்சரிக்கையை எடுத்துவிடுகிறது.

சந்தேகம் இருந்தால் ஒருமுறை எடை போட்டுவிடுங்கள். அரிசி ஆலை, குவாரி பக்கம் எடை மேடைக்குப் பஞ்சமில்லை. ஆளும் மூட்டையும் ஏற்றிய நிலையில் முழு வண்டியை ஒருமுறையும், பின்சக்கரம் மட்டும் மேடையில் நிற்கும்படி ஒருமுறையும் நிறுத்துங்கள். பெரிய மேடைகள் 5 அல்லது 10 கிலோ கணக்கில்தான் காட்டும், பரவாயில்லை. பின்னச்சில் எவ்வளவு விழுகிறது என்பது தெரிந்துவிடும்.

சரி, அனுமதித்த சுமைக்குள்தான் ஏற்றுகிறோம், ஆனாலும் வண்டி தாழ்கிறது என்றால் என்ன செய்வது? டேப்பை எடுங்கள். சமமான தரையில், யாரும் ஏறாமல், டயர் காற்றைச் சரிபார்த்துவிட்டு, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே மட்கார்டு வளைவு வரை நான்கு மூலையிலும் அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் தேய்மானமும் காற்றும் கணக்கைக் குழப்பும், அதனால்தான் சக்கர நடுவிலிருந்து அளப்பது. இடதுக்கும் வலதுக்கும் சில மில்லிமீட்டர் வித்தியாசம் சாதாரணம். ஒரு பக்கம் மட்டும் ஒரு விரல்கடை அளவு தாழ்ந்திருந்தால் அந்தப் பக்கம் ஏதோ உடைந்திருக்கிறது அல்லது வளைந்திருக்கிறது. அங்கே பஃபர் போடுவது உடைந்ததை மூடி வைக்கும் வேலை.

இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். மரக்காணம் சாலையில் குடியிருக்கும் நண்பர் ஒருவரின் ஆல்ட்டோ, இடது பின்பக்கம் மட்டும் தாழ்ந்து நின்றது. ஒரு பட்டறையில் இரண்டு பக்கமும் பஃபர் செருகத் தயாராக வைத்திருந்தார்கள். நண்பர் கூப்பிட்டதால் போனேன். டார்ச்சை அடித்து, பனியன் வேஸ்டால் ஸ்பிரிங்கின் அடிக்கிண்ணத்தில் இருந்த மண்ணைத் துடைத்தோம். கடைசிச் சுற்றில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு தனியாகக் கையோடு வந்தது. முறிந்த வாயில் பாதி கறுத்த துரு, பாதி வெள்ளையாகப் பளபளப்பு. கறுத்த பாதி ரொம்ப நாளாக விரிசலாக இருந்த இடம், வெள்ளைப் பாதி சமீபத்தில் முறிந்தது. அந்த முனை கூர்மையாக டயரின் உள்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் மேல் ரப்பரைச் செருகி உயரத்தைச் சரிசெய்திருந்தால் நெடுஞ்சாலையில் ஒருநாள் அது டயரைக் கிழித்திருக்கும். அன்றைக்குப் பின்பக்க ஸ்பிரிங் இரண்டும் புதிதாக மாற்றினார்கள். பஃபர் தேவையே படவில்லை.

அடுத்தது ஷாக் அப்சார்பர். நிறைய பேர் ஷாக்தான் வண்டியைத் தூக்கி நிறுத்துகிறது என்று நினைக்கிறார்கள். எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஆட்டத்தை அடக்குவது ஷாக். ஷாக் போன வண்டி தாழாது, பள்ளத்தில் இறங்கி ஏறிய பிறகு குதித்துக்கொண்டே போகும். ஷாக்கின் உடம்பில் எண்ணெய் வழிந்து அதில் புழுதி அப்பியிருந்தால் அது முடிந்தது. மேல்மூடியை ஒதுக்கி பம்ப் ஸ்டாப் ரப்பரையும் பாருங்கள். அது மாவாக உதிர்ந்திருந்தால் நீங்கள் கேட்கும் "தட்" என்ற அடி ஸ்பிரிங் பலவீனத்தால் வந்தது இல்லை, மெத்தை இல்லாமல் இரும்பும் இரும்பும் மோதுவதால் வந்தது. ஒசூரில் ஆலை வைத்திருக்கும் கேப்ரியல் மாதிரி கம்பெனிகளின் ஷாக் நம்ம ஊர்க் கடைகளிலேயே பில்லோடு கிடைக்கிறது. பம்ப் ஸ்டாப்பையும் சேர்த்து மாற்றிவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பஃபர் கேட்டு வந்தவர்களில் பலருக்கு இதிலேயே குறை தீர்ந்துவிடும் என்பது நான் பார்த்தவரை உண்மை.

பஃபர் உண்மையில் என்ன செய்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கணக்கு எளிது. காயில் ஸ்பிரிங்கில் வேலை செய்யும் சுற்று குறையக் குறைய அது கெட்டியாகும். ஆறு சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒரு இடைவெளியை ரப்பரால் அடைத்தால் ஐந்து சுற்றுதான் மடங்கும். ஆறை ஐந்தால் வகுத்தால் 1.2, அதாவது 20 சதவீதம் கெட்டி. ஒரு மில்லிமீட்டர் தாழ 2 கிலோ கேட்கும் ஸ்பிரிங் என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். அந்தப் பக்கம் கூடுதலாக 80 கிலோ ஏறினால் 40 மி.மீ. தாழும். பஃபர் போட்டால் 33 மி.மீ. தாழும். ரப்பர் கொஞ்சம் நசுங்கும் என்பதால் உண்மையில் இதைவிடக் குறைவாகவே மிச்சமாகும். வண்டியைத் தூக்கி வைத்துச் செருகுவதால் வெறும் வண்டியின் உயரமும் கொஞ்சம் கூடும். லாபம் இவ்வளவுதான். வேகத்தடையில் தட்டுவதும் தட்டாததும் சில சமயம் இந்த ஏழெட்டு மில்லிமீட்டரில் இருக்கிறது என்பதால் இதை வீண் என்று சொல்ல மாட்டேன்.

விலையும் உண்டு. முன்பு ஆறு சுற்று பகிர்ந்துகொண்ட மடக்கத்தை இப்போது ஐந்து சுற்று ஏற்கிறது, ஒவ்வொன்றும் அதிகமாக முறுகும். ரப்பர் முடியும் ஓரத்தில் மண் சிக்கி பெயிண்டைத் தேய்க்கும், அங்கேதான் துரு தொடங்கும். ஸ்பிரிங் கெட்டியாகும்போது ஷாக்கின் அடக்கும் சக்தி அதே அளவில் இருப்பதால் வண்டி முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் குதிக்கும். ஏற்கெனவே தேய்ந்த ஷாக்கோடு பஃபர் போட்டவர்கள் "வண்டி பின்னாடி தூக்கித் தூக்கிப் போடுது" என்று சொல்வது இதனால்தான். மழையில் வளைவில் பின்சக்கரம் தரையை விட்டுக் குதிப்பது விளையாட்டு இல்லை.

பழைய வண்டி சிலவற்றில் இன்னொரு பாகம் இருக்கிறது, இதை யாரும் கவனிப்பதில்லை. பின்னச்சுக்கும் பாடிக்கும் நடுவில் சின்னக் கம்பியும் ஸ்பிரிங்குமாக ஒரு பிரேக் வால்வு. அச்சுக்கும் பாடிக்கும் உள்ள தூரத்தை வைத்து சுமை எவ்வளவு என்று அது தெரிந்துகொள்ளும். தூரம் குறைந்தால் சுமை அதிகம், பின்பிரேக்குக்கு அழுத்தம் கூட்டும். ஸ்பேசர் வைத்துப் பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் மூட்டையோடு போகும் வண்டியை அது காலி வண்டி என்று எடுத்துக்கொண்டு பின்பிரேக்கைக் குறைத்துவிடும். உங்கள் வண்டியில் இந்த வால்வு இருக்கிறதா என்று அடியில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். இருந்தால் உயரத்தை மாற்றும் எதையும் தொடாதீர்கள்.

ஸ்பேசரை நான் எந்தச் சின்ன காருக்கும் சிபாரிசு செய்வதில்லை. அது ஸ்பிரிங்கைக் கெட்டியாக்குவதில்லை, உயரத்தை மட்டும் கூட்டுகிறது. அதில் முன்பக்க ஆக்சிலின் ஜாயிண்ட் சாய்வு மாறும், டோ அளவு மாறும், சக்கரம் தொங்கும்போது பிரேக் ஹோஸ் இழுபடும். வெல்டிங் வைத்து ஸ்பிரிங் கிண்ணத்தை உயர்த்துவது, லோயர் ஆர்மில் தகடு ஒட்டுவது இதெல்லாம் வேண்டவே வேண்டாம். சூடு பட்ட இடத்தில் இரும்பின் குணமே மாறிவிடும், முறியும்போது அந்த ஓரத்தில்தான் முறியும். சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் முதலில் குறித்ததிலிருந்து மாறுபடும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரள வழக்கு ஒன்றில் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, சட்டம் அனுமதிக்காத மாற்றம் செய்த உரிமையாளருக்கு மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்கிறது. வெட்டாமல் ஒட்டாமல், கழற்றினால் வண்டி பழையபடி ஆகிவிடும் பாகமாக இருந்தால் மட்டும் யோசியுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது மாட்டும் வேலை. பின்பக்க பஃபரை வீட்டிலேயே போடலாம் என்று பலரும் நினைக்கிறார்கள், போடவும் முடியும். ஆனால் இடம் முக்கியம். கான்கிரீட் தரை நல்லது. சித்திரை வெயிலில் இளகிய தார் ரோட்டில், வண்டியைத் தாங்கும் ஜாக் ஸ்டாண்டின் கால் மெதுவாகப் புதையும், புதைவது கண்ணுக்குத் தெரியாது. மண் தரை என்றால் தடித்த பலகை போடாமல் தூக்கவே கூடாது. சரிவான வாசல் வேண்டாம்.

பின்பக்கத்தைத் தூக்கப் போகிறோம். "ஹேண்ட் பிரேக் போட்டிருக்கேன், நகராது" என்று சொல்வார்கள். பெரும்பாலான சின்ன கார்களில் ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின்சக்கரங்களைத்தான். அவை அந்தரத்தில் தொங்கும்போது பிடித்து என்ன பயன்? தரையில் இருப்பது முன்சக்கரம் மட்டும். அதனால் முதல் கியரில் வைத்து, இரண்டு முன்சக்கரத்துக்கும் முன்னாலும் பின்னாலும் கட்டை கொடுங்கள். உருண்டைக் கல் உதவாது, உருளும். ஆப்பு மாதிரி சீவிய மரக்கட்டை வேண்டும். சக்கர நட்டை வண்டி தரையில் இருக்கும்போதே அரைச்சுற்று தளர்த்திவிடுங்கள். தூக்கிய பிறகு ஸ்பேனரில் ஏறி மிதித்தால் வண்டியே ஆடும்.

ஜாக்கி வைக்கும் இடம் கதவுக்குக் கீழே உள்ள விளிம்பில் இரண்டு வெட்டுக் குறிகளுக்கு நடுவில். தள்ளி வைத்தால் தகடு மடங்கும், ஜாக்கி சரியும். வண்டியோடு வரும் கத்தரி ஜாக்கி சாலையில் டயர் மாற்றுவதற்காகக் கொடுத்தது. அதை நம்பி உடம்பின் எந்தப் பகுதியையும் வண்டிக்கு அடியில் விடக் கூடாது, கையைக்கூட. தூக்கியதும் ஸ்டாண்டை வையுங்கள், மெதுவாக எடையை ஸ்டாண்டின் மேல் இறக்குங்கள், பிறகு அடுத்த பக்கம். ஸ்டாண்டுக்குப் பதில் செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் அடுக்குகிறார்கள். ஹாலோ பிளாக் விரிசல் விடுவதற்கு முன்னால் எந்த அறிகுறியும் காட்டாது, ஒரே நொடியில் நொறுங்கும். தயவுசெய்து வேண்டாம். நல்ல பட்டறைக்காரர்கள் செய்யும் ஒரு வேலையை நீங்களும் செய்யுங்கள்: கழற்றிய சக்கரத்தைப் படுக்கவைத்து வண்டி விளிம்புக்கு அடியில் தள்ளிவிடுங்கள். எல்லாம் தவறினாலும் வண்டி அதன் மேல் உட்காரும், ஆளின் மேல் உட்காராது. அதற்குப் பிறகு, அடியில் போவதற்கு முன்னால், வெளியில் நின்று வண்டியை நன்றாக ஒருமுறை அசைத்துப் பாருங்கள். விழுவதாக இருந்தால் அப்போதே விழட்டும். இந்த ஒரு பத்தியைத் தவிர வேறு எதையும் படிக்காமல் போனால்கூட எனக்கு நிம்மதிதான்.

பின்சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் விரிந்து சுற்றுகளுக்கு இடையில் இடம் கிடைக்கும். கூடுதல் இடம் வேண்டும் என்று ஷாக்கின் அடி போல்ட்டைக் கழற்றாதீர்கள். அச்சு கீழே இறங்கும் எல்லையைப் பிடித்து வைத்திருப்பது அந்த ஷாக்தான். அதை எடுத்துவிட்டால் அச்சு பிரேக் ஹோஸில் தொங்கும். ஹோஸ் வெளியில் நன்றாக இருக்கும், உள்ளே கிழிந்திருக்கும். ஸ்பிரிங்கைத் தண்ணீரால் கழுவித் துடைத்துவிட்டு, பஃபரில் சோப்புத் தண்ணீர் தடவி உள்ளே தள்ளுங்கள். என்ஜின் ஆயிலோ கிரீஸோ தடவினால் சில மாதத்தில் ரப்பர் ஊறிப் பிய்ந்துவிடும். அளவு சரியான பஃபர் கையால் அழுத்தி, கொஞ்சம் சிரமப்பட்டு ஏறும். சுத்தியலால் அடித்து ஏற்ற வேண்டியிருந்தால் அளவு தப்பு. இரண்டு பக்கமும் ஒரே சுற்றில், ஒரே உயரத்தில் போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் போட்டால் வண்டி பிரேக்கில் இழுக்கும். பஃபரைக் கட்டும் டேக்கின் வால் பிரேக் ஹோஸையோ ஏ.பி.எஸ். வயரையோ உரசாதபடி வெட்டிவிடுங்கள். ஒரு பக்கத்துக்கு ஒன்று போதும், இரண்டு மூன்று என்று அடைத்தால் ஸ்பிரிங் மரக்கட்டை ஆகிவிடும், அடி நேராகப் பாடிக்குப் போகும்.

முன்பக்கம் வேறு உலகம். ஏர்ல் மெக்பெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1940களில் வடிவமைத்த ஸ்ட்ரட் முறை, 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 தொடங்கி இன்றைய சின்ன கார் வரை நம்மிடம் ஓடுகிறது. அதில் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே கூட்டில், ஸ்பிரிங் எப்போதும் அழுத்தப்பட்ட நிலையில் இருக்கும். பானெட்டைத் திறந்தால் இரண்டு பக்கமும் ஸ்ட்ரட்டின் தலை தெரியும். ஓரத்தில் இரண்டு மூன்று நட்டு, நடுவில் பெரியதாக ஒன்று. அந்த நடு நட்டுதான் ஸ்பிரிங்கைக் கூட்டுக்குள் கட்டி வைத்திருக்கிறது. கம்ப்ரஸர் போடாமல் அதைத் தளர்த்தக் கூடாது. ஒரு மில்லிமீட்டருக்கு 2 கிலோ கேட்கும் ஸ்பிரிங்கை 150 மி.மீ. அழுத்தினால் அதில் 300 கிலோ விசை நிற்கிறது. அது விடுபட்டால் 22 கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போட்ட ஆற்றல் முகத்துக்கு நேரே வரும். கம்ப்ரஸர் கொக்கிகள் எதிரெதிராக உட்கார வேண்டும், இரண்டு திருகையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும், ஸ்பிரிங்கின் வாய்க்கு நேராக யாரும் நிற்கக் கூடாது. கயிறு கட்டி ஸ்பிரிங்கை அமுக்கும் பட்டறைகளைப் பார்த்திருக்கிறேன். அங்கே வேலை செய்யும் தம்பிகளுக்காகவாவது வேறு பட்டறைக்குப் போங்கள். முன்பக்க ஸ்பிரிங், ஸ்ட்ரட் வேலையை வீட்டில் செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து.

ஸ்ட்ரட் பார் ஆசை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை: அது சுமை தாங்கும் பாகமே இல்லை. வேகமாக வளைவில் திரும்பும்போது பாடி நெளிவதைக் குறைப்பதற்காக வந்தது. மூட்டை ஏற்றும் ஆல்ட்டோவுக்கு அதனால் பயன் இல்லை. மாட்டியே தீருவேன் என்றால் நான்கு சக்கரமும் தரையில் இருக்கும்போது ஓர நட்டுகளை மட்டும் கழற்றிப் போடுங்கள்.

புஷ் மாற்றுபவர்கள் ஒரு விஷயத்தில் உறுதியாக இருங்கள். லோயர் ஆர்ம், ட்ரெய்லிங் ஆர்ம் புஷ்களில் ரப்பர் உள்ளே இருக்கும் இரும்புக் குழலோடு ஒட்டியிருக்கும். போல்ட்டை முறுக்கும்போது அந்தக் குழல் பிராக்கெட்டோடு இறுகிவிடும், அதன் பிறகு ஆர்ம் அசைவது எல்லாம் ரப்பரின் முறுக்கத்தில்தான். சக்கரம் தொங்கும் நிலையில் முறுக்கினால் வண்டி தரையில் இறங்கியதுமே ரப்பர் முறுகிய நிலைக்கு வந்துவிடும். பள்ளத்தில் இன்னும் முறுகும். புது புஷ் சீக்கிரமே கிழிந்துபோவதற்கு இது ஒரு பெரிய காரணம், பழி மட்டும் பாகத்தின் மேல் விழும். சரியான முறை: போல்ட்டைக் கையால் ஏற்றிவிட்டு, வண்டியை சக்கரத்தில் நிற்கும் உயரத்துக்கு இறக்கி, பிட்டில் இருந்து கடைசி முறுக்கு கொடுப்பது. விழுப்புரத்தில் எனக்குத் தெரிந்த ஒரு மேஸ்திரி இதை ஒருநாளும் விடமாட்டார். "இறக்கி முறுக்கணும்பா, தொங்கவிட்டு முறுக்குனா மறுபடியும் என்கிட்டதான் வருவ" என்பார். வண்டியை இறக்கிய பிறகு ஸ்பேனர் வைக்க இடம் கிடைப்பது கஷ்டம், நேரம் பிடிக்கும், அதனால்தான் பலர் தவிர்க்கிறார்கள். பக்கத்தில் நின்று கேட்டு வாங்குங்கள். நைலான் வளையம் உள்ள லாக் நட்டைத் திரும்பப் போட விடாதீர்கள், புதிது வாங்கிக் கொடுங்கள்.

வேலை முடிந்ததும் சக்கர நட்டை நட்சத்திர வரிசையில், டார்க் ரெஞ்சால் முறுக்க வேண்டும். பெரும்பாலான சின்ன கார்களுக்கு 85 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் வரும், உங்கள் வண்டிக்கு உரியதைக் கையேட்டில் பாருங்கள். காற்றுத் துப்பாக்கியால் "டர்ர்" என்று ஏற்றி விடுவதை ஒத்துக்கொள்ளாதீர்கள். முதல் ஓட்டத்தைக் காலி வண்டியோடு, மெதுவாக, ஆள் நடமாட்டம் இல்லாத சர்வீஸ் ரோட்டில் ஓட்டுங்கள். பிரேக் அடித்தால் நேராக நிற்கிறதா, ஸ்டீயரிங்கை முழுசாகத் திருப்பினால் எங்காவது உரசுகிறதா, மேட்டில் ஏறும்போது புதுச் சத்தம் வருகிறதா என்று பாருங்கள். நூறு கி.மீ. ஓடியதும் நட்டுகளை ஒருமுறை சரிபார்க்க வேண்டும். ஸ்ட்ரட்டையோ ஆர்மையோ தொட்டிருந்தால் வீல் அலைன்மென்ட் கட்டாயம். ஹெட்லைட்டையும் விட்டுவிடாதீர்கள். பின்பக்கம் உயர்ந்தால் வெளிச்சம் காலடியில் விழும், தாழ்ந்தால் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். இரவில் திண்டிவனம் – புதுச்சேரி சாலையில் எதிரே வரும் பைக்காரர் நிலைமையை நினைத்துக்கொண்டு சுவரில் ஒளியை விட்டுச் சரிசெய்யுங்கள்.

அந்தத் தாளில் எழுதிய நான்கு அளவையும் மறுபடி எடுங்கள். பின்பக்கம் இரண்டும் சமமாக உயர்ந்திருக்க வேண்டும். சமமில்லை என்றால் பஃபர் நகர்ந்திருக்கிறது அல்லது ஸ்பிரிங்கில் முதலில் பார்க்கத் தவறிய குறை இருக்கிறது. வருஷத்தில் அறுவடை சமயத்தில் மட்டும்தான் சுமை என்றால் அந்தக் காலம் முடிந்ததும் பஃபரைக் கழற்றி வைத்துவிடலாம், காலி வண்டிக்கு அது தேவையில்லை. விடாமல் மாட்டியே வைத்திருப்பவர்கள் ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன்னால் ஒருமுறை எடுத்து, ஸ்பிரிங்கில் ரப்பர் இருந்த இடத்தைக் கழுவி, உலர்த்தி, துரு இருந்தால் தேய்த்து பெயிண்ட் அடித்துவிட்டு மறுபடி போடுங்கள். ரப்பரில் விரிசல் தெரிந்தால் ஒன்றை மட்டும் மாற்றாமல் ஜோடியாக வாங்குங்கள்.